காணாமற்போன படச்சுருள்

சில ஆண்டுகளுக்கு முன், தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் பங்கு இல்லத்தின் பின்கட்டைத் துப்புரவு செய்தபோது துருவேறிய தகரப் பெட்டியொன்று அகப்பட்டது. திறந்ததும் காடியின் புளித்த நெடி. உள்ளே 16 மி.மீ. படச்சுருள் சுருங்கி நெளிந்து, தன்னோடு தானே ஒட்டிக் கிடந்தது. அசிட்டேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது வெளிப்படும் அமிலத்தின் நெடி அது. வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்றார் எங்கள் உபதேசியார். சிறுவயதில் கோயில் முற்றத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி இத்தகைய சுருள்களை ஓட்டக் கண்டவன் நான். இதில் என்ன படம் இருந்தது என்று ஊரில் எவராலும் சொல்ல இயலவில்லை.

அன்று ஓவியர் அக்பர் பதம்சியை நினைத்துக்கொண்டேன். நேரு நினைவு நல்கை பெற்ற அவர், அத்தொகையைக் கொண்டு 1969இல் பம்பாயில் கலைஞர்கள் கூடிச் சோதனை செய்வதற்கான பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1923இல் கோடாக் நிறுவனம் பொழுதுபோக்காகப் படமெடுப்போருக்கென வெளியிட்ட அளவே 16 மி.மீ.; 8 மி.மீ. 1932இல் வந்தது. 35 மி.மீ. சினிமாவின் பெருஞ்செலவும் பெருங்கூட்டமும் இன்றி ஓவியர் ஒருவர் தனித்துப் படமெடுக்க இவையே வழி திறந்தன. இளம் ஓவியரான நளினி மலானி அப்பட்டறையில் 8 மி.மீ. சுருளில் ‘ட்ரீம் ஹவுசஸ்’ எடுத்தார். பதம்சியின் ‘சிசிஜி’ படத்திலோ கதையில்லை, மாந்தரில்லை, ஒலியும் இல்லை. கோடுகளே பிறந்து நகர்கின்றன. இதை யார் பார்ப்பர் என்று முதலில் நானும் கேட்டவன்தான்.

அவருடைய மற்றொரு படம் ‘ஈவென்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்’. தம் நிலக்காட்சி ஓவியம் ஒன்றை வண்ண ஒளிகளால் திரையில் மீண்டும் தீட்ட முயன்றார். இருந்தது ஒரே பிரதி. தில்லிக் கண்காட்சிக்கு அனுப்பப்பட்ட அது திரும்பி வரவேயில்லை. சிற்றளவுப் படங்களுக்கு நேரும் விதி பெரும்பாலும் இதுதான். பலவற்றில் மறுபிரதி எடுக்க நெகட்டிவ் கூட இராது; காமிராவுக்குள் ஓடிய சுருளே கழுவப்பட்டுத் திரைக்கு வரும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அந்த ஒன்றே தேயும். அரிதில் கிடைக்கும் இப்படங்களைத் தேடிச் செல்வோரின் வேட்கையை நான் வெறும் விசித்திர மோகமாகக் கருதாததற்கு இதுவே காரணம்.

2016இல் அஷிம் அலுவாலியா, எண்பதைக் கடந்த பதம்சியின் நினைவைத் துணைகொண்டு அப்படத்தை மீண்டும் உருவாக்க முயன்றார். கிடைத்தது வேறொரு படம். அது அவ்வாறுதான் இருக்க முடியும். பதம்சி 2020 ஜனவரியில் நம் கோயம்புத்தூரில் காலமானார்.

தகரப் பெட்டியை எறிய மனம் வரவில்லை. பங்கு இல்லத்து அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்கிறது. அருகே செல்லும் விருந்தினர் மூக்கைச் சுளிக்கின்றனர்.