வட கரேலியாவும் இருதய நோயும்

பின்லாந்து தேசத்தின் கீழ்த்திசை எல்லையில், ரஷ்யாவை அடுத்துக் கிடப்பது வட கரேலியா என்னும் மாகாணம். காடும் ஏரியும் நிறைந்த அந்நிலத்து ஆடவர் மரந்தறித்தலையும் சிறு பண்ணைத் தொழிலையும் நெடுங்காலம் தம் சீவனோபாயமாகக் கொண்டிருந்தனர். உடலுழைப்பிற் சிறந்த இம்மக்களிடையே, ஐம்பது வயதை எட்டுமுன்னரே மாரடைப்பால் மாள்வோர் பலராயினர். இஃது எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு தணிந்தது என்பதை ஆராய்தல் பயனுடையதாகும்.

அமெரிக்க அறிஞர் அன்செல் கீஸ் 1958ஆம் ஆண்டிலே தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு, இருதய நோய் மரணம் கிழக்குப் பின்லாந்திலே மிக்கிருப்பதையும், கிரேத்தாத் தீவிலும் யப்பானிலும் குறைந்திருப்பதையும் புலப்படுத்திற்று. வேறுபாட்டுக்குரிய காரணங்களுள் உணவு முதன்மையானதெனக் கருதப்பட்டது. வட கரேலியர் பாணுக்கு வெண்ணெயைத் தடிப்பாகப் பூசினர், கொழுப்பகற்றாத பாலைப் பருகினர், உப்பை மிகுதியாகச் சேர்த்தனர், மரக்கறியைப் பொருட்படுத்திலர். ஆடவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் புகைபிடித்தனர். உழைப்பு ஒன்றே இருதயத்தைக் காக்கப் போதுமானதன்று என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்றாயிற்று.

1971ஆம் ஆண்டிலே மாகாணத் தலைவர்கள் ஒன்றுகூடி, தம் மக்களைக் காக்குமாறு அரசாங்கத்துக்கு விண்ணப்பஞ் செய்தனர். அதன் பயனாக 1972இல் வட கரேலியத் திட்டம் தொடங்கிற்று. அதற்குத் தலைமை தாங்கிய பெக்கா புஸ்கா அப்போது முப்பது வயதை எட்டாத வைத்தியர். நோய் வந்தபின் பரிகரிப்பதினும், வருமுன் காத்தலே மேலென அவர் குழுவினர் துணிந்தனர். இரத்தத்திலுள்ள கொலஸ்டெரோல், உயர் இரத்த அழுத்தம், புகைபிடித்தல் என்னும் மூன்றையும் குறைத்தலே அவர்தம் நோக்கமாயிற்று.

துண்டுப் பிரசுரங்களால் மாத்திரம் பழக்கம் மாறிவிடாது. ஆதலின் அவர்கள் அடுக்களையை நாடினர். 1899ஆம் ஆண்டு தொட்டு இயங்கிவரும் மார்த்தா என்னும் மாதர் சங்கத்தார், கிராமந்தோறும் பெண்களைக் கூட்டி, உடன் சமைத்து உடன் உண்டு, புதிய உணவு முறையைப் பரப்பினர். இறைச்சியும் கொழுப்பும் மலிந்த பழைய குழம்பிலே கிழங்குகளும் மரக்கறியும் இடம்பெற்றன. வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெய் புகுந்தது. தாதியர் ஊர்தோறும் இரத்த அழுத்தத்தை அளந்து, வேண்டியோர்க்குத் தொடர்ந்து மருந்து கிடைக்கச் செய்தனர்.

எதிர்ப்பும் எழாமலில்லை. பால், வெண்ணெய் விற்று வாழ்ந்த பண்ணையாளர் தம் பிழைப்புக்கு ஊறு நேருமென அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதே. ஆகவே அக்குளிர் நாட்டில் விளையும் பெரி என்னுஞ் சிறு கனிகளைப் பயிரிட அவர்க்குப் பின்னர் ஊக்கமளிக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டிலே புகையிலையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் நாட்டில் நிறைவேறிற்று.

திட்டம் 1997இலே நிறைவுற்றது. அதற்குள், உழைக்கும் வயதினரான வட கரேலிய ஆடவரிடை இருதய நோய் மரணம் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு குறைந்துவிட்டது. ஒப்புநோக்குதற்கென எடுத்துக்கொண்ட அயல் மாகாணமாகிய கூப்பியோவிலும் மரணம் குறைந்தமையால், இப்பயன் முழுவதும் திட்டத்துக்கே உரியதாமோ என ஐயுற்ற அறிஞரும் உளர். ஆயினும், புதிய பழக்கம் மாகாண எல்லையுடன் நின்றுவிடவில்லை. நாடு முழுவதும் பரவிற்று. மேற்கூறிய மூன்று குறைகளும் இரு மாகாணங்களிலுந் தணிந்தமையே மரணம் குறைந்ததற்குப் பெருங்காரணமென ஆய்வுகள் காட்டுகின்றன.

பழக்கம் தனியொருவரின் மனவுறுதியைப் பொறுத்தது என்பர். வட கரேலிய வரலாறோ, பழக்கம் ஊராரின் பொதுச் சொத்து என்பதை உணர்த்துகின்றது. அயல் வீட்டு அடுப்பிலும், கடைத்தெருவிலும், பாடசாலை உணவிலும் மாற்றம் நிகழும்போதே தனியொருவரின் மாற்றமும் எளிதாகின்றது. தம் துன்பத்தை விதியென விட்டுவிடாது, பரிகாரம் வேண்டி முன்வந்த அம்மக்களே தம் இருதயத்தைக் காத்துக்கொண்டவராவர்.