நிலம் கொடுத்தவளும் வகுப்பறைக்கு வந்தவளும்

வக்ஃபு செய்யப்பட்ட நிலத்தை விற்க முடியாது, வாரிசுகள் பங்கு போடவும் முடியாது. அதன் வருமானம் மட்டும் ஆவணத்தில் எழுதிய காரியத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். மதரஸாக்களும் நூலகங்களும் மருத்துவமனைகளும் பல நூற்றாண்டுகள் நிலைத்தது இந்த ஏற்பாட்டால்தான்.

திருமணத்துக்குப் பிறகும் பெண்ணின் சொத்து அவளுடையதே என்கிறது இஸ்லாமியச் சட்டம். அதனால் பெண்களும் வக்ஃபு எழுதினார்கள். 1546ஆம் ஆண்டின் இஸ்தான்புல் பதிவேட்டில் வக்ஃபு நிறுவியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். இங்கிலாந்தில் மணமான பெண்கள் தம் சொத்தைத் தம் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் உரிமை முழுமையாகச் சட்டமானது 1882இல்தான்.

ஆனால் கொடுக்கும் உரிமை வேறு, கற்கும் உரிமை வேறு. கெய்ரோ பல்கலைக்கழகத்தின் கதை இதைக் காட்டுகிறது. 1908 டிசம்பரில் நன்கொடைகளை நம்பித் தனியார் முயற்சியாக அது தொடங்கியது. பெண்களுக்கென்று தனி விரிவுரைகளும் நடந்தன. எதிர்ப்பு வலுத்ததும் 1912இல் அவை நிறுத்தப்பட்டன.

அதன் பிறகுதான், பணமும் சொந்தக் கட்டடமும் இல்லாமல் தவித்த அந்த நிறுவனத்துக்கு ஒரு பெண் கைகொடுத்தார். கெதீவ் இஸ்மாயிலின் மகளான இளவரசி ஃபாத்திமா, கட்டடத்துக்கு 6 ஃபெதான் மனையைத் தந்தார். 661 ஃபெதான் விளைநிலத்தை அதன் பெயருக்கு வக்ஃபு எழுதினார். ஒரு ஃபெதான் ஒரு ஏக்கருக்குச் சற்று அதிகம். கட்டுமானச் செலவுக்குத் தம் நகைகளையும் கொடுத்தார். 1914இல் நாட்டிய அடிக்கல்லில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. பெண்கள் அங்கே மாணவிகளாகச் சேர்வதைப் பார்க்காமலே 1920இல் அவர் இறந்தார்.

1920களின் இறுதியில், துணைவேந்தர் லுத்ஃபி அல் சய்யித் ஆரவாரமில்லாமல் மாணவிகளைச் சேர்த்துக்கொண்டார். முதல் அணியில் வந்த சுஹைர் அல் கலமாவி, ஆயிரத்தொரு இரவுகள் பற்றி ஆய்வு செய்து 1941இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இளவரசியின் தாராளத்தைப் புகழும் வரலாறு, அந்தக் கொடைக்கும் இந்தப் பட்டத்துக்கும் இடையில் கிடக்கும் ஆண்டுகளையும் சொல்ல வேண்டும். வக்ஃபு வருமானம் விளைந்த இடத்தையும் சொல்ல வேண்டும். அந்த நிலம் இருந்த நைல் கழிமுகம் பருத்தி நாடு. அங்கே செடியிலிருந்து பருத்தி எடுத்தவர்களில் பெண்களும் சிறுமிகளும் ஏராளம். அவர்கள் பெயர் எந்த அடிக்கல்லிலும் இல்லை.