பழைய வேன்களில் பொறியறைக் குளிர்விப்பு

பொறியறைக் குளிர்விப்பு என்பது ஊர்தியின் பொறி அமைந்துள்ள அறைக்குள் குளிர்ந்த காற்றை வரவழைத்து, பொறியின் வெப்பத்தை ஏற்றுக்கொண்ட காற்றை வெளியேற்றும் ஏற்பாடு ஆகும். எல்லா ஊர்திகளுக்கும் இது தேவை. எனினும், பொறியைப் பின்புறத்தில் கொண்டு, நீரின்றிக் காற்றால் மட்டுமே குளிரும் பழைய வேன்களில் பொறியின் ஆயுளைப் பெரும்பாலும் இதுவே முடிவு செய்கிறது. இவ்வகையில் உலகெங்கும் அறியப்பட்டது ஜெர்மனியின் வோக்சுவாகன் நிறுவனம் உருவாக்கிய டைப் 2 வேன் ஆகும். படுக்கை, அடுப்பு, அலமாரி ஆகியவை பொருத்தப்பட்டுக் கேம்பர் வேனாக மாற்றப்படும்போது இதன் எடை கூடுகிறது. பொறியின் சுமையும் கூடுகிறது. இக்கட்டுரை அவ்வேனை முதன்மை எடுத்துக்காட்டாகவும், காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டுக் கோடையை அது ஓட வேண்டிய சூழலாகவும் கொண்டுள்ளது.

பொறியறையில் துளைகள் கூடினால் குளிர்ச்சி கூடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. டைப் 2 வேனைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறானதாகும். இவ்வேனின் குளிர்விப்பு, குளிர்ந்த காற்றையும் சூடேறிய காற்றையும் ஒன்றோடொன்று கலவாமல் பிரித்து வைப்பதையே அடிப்படையாகக் கொண்டது.

வரலாறு

நெதர்லாந்தைச் சேர்ந்த வோக்சுவாகன் இறக்குமதியாளர் பென் பான் 1947இல் வரைந்த ஒரு எளிய கோட்டோவியத்தில் இருந்து இவ்வேனின் எண்ணம் உருவானது. 1950 மார்ச்சு மாதம் வொல்ஃப்ஸ்பர்க் நகரில் உற்பத்தி தொடங்கியது. முதல் வேன்களில் 1131 கன செ.மீ. கொள்ளளவும் 25 குதிரைத்திறனும் கொண்ட நான்கு உருளைப் பொறி இருந்தது. 1951 முதல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் இவற்றைக் கேம்பர் வேன்களாக மாற்றித் தந்தது. இரண்டாம் தலைமுறை 1967இல் வெளிவந்தது. 1979இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறை, 1980களின் தொடக்கத்தில் நீர்க்குளிர்வுக்கு மாறியது. பிரேசிலில் மட்டும் பழைய உருவிலேயே 2013 வரை உற்பத்தி நீடித்தது. அங்கும் இறுதி ஆண்டுகளில் பொறி நீரால் குளிர்விக்கப்பட்டது.

1960களிலும் 1970களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் பலர் இவ்வேன்களில் துருக்கி, ஈரான், ஆப்கானித்தான் வழியாகத் தரைவழியே இந்தியா வந்தனர். 1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானித்தானில் சோவியத் படையெடுப்பும் நிகழ்ந்தபின் அப்பாதை அடைபட்டது. பாலைவனச் சூட்டைத் தாங்கிய வேன் என்ற நற்பெயர் இதற்கு அப்பயணங்களால் கிடைத்தது. ஆனால் அப்பெயர் முழுமையான தகரக் கவசங்களோடு ஓடிய வேன்களுக்கே உரியது என்பதை மறத்தல் கூடாது.

காற்றின் பாதை

வேனின் பின்பக்க மூலைகளில் உள்ள திறப்புகள் வழியே காற்று பொறியறைக்குள் நுழைகிறது. பொறியின் மேல் உள்ள விசிறி அதை உறிஞ்சுகிறது. பெரும்பாலான பொறிகளில் இவ்விசிறி மின்னாக்கியின் தண்டிலேயே பொருத்தப்பட்டு, மெக்கானிக்குகள் பேன் பெல்ட் என வழங்கும் பட்டையால் சுழல்கிறது. 1972 மாதிரி முதல் கிடைத்த பெரிய பொறிகளில் விசிறி கிராங்க் தண்டின் முனையில் அமைந்தது. விசிறி தள்ளும் காற்று ஒரு தகரக் கூட்டுக்குள் இரண்டாகப் பிரிந்து, இருபுற உருளைகளின் துடுப்புகளுக்கு இடையே மேலிருந்து கீழாகப் பாய்ந்து, வண்டியின் அடியில் வெளியேறுகிறது.

இதன் சிறு வடிவத்தைக் காண விரும்புவோர் பழைய பஜாஜ் ஆட்டோரிக்சாவின் பின்புறத்தைப் பார்க்கலாம். அதிலும் சுழல்சக்கரத்தோடு இணைந்த விசிறி, தகர உறை வழியாக உருளைத் துடுப்புகளின் மேல் காற்றைச் செலுத்துகிறது. உறையைக் கழற்றிவிட்டு ஓட்டினால் விசிறி சுழன்றுகொண்டுதான் இருக்கும். ஆனால் காற்று எளிய வழியில் சிதறிவிடும், துடுப்புகளுக்கு இடையே நுழையாது.

டைப் 2 வேனில் பொறியைச் சுற்றிலும் தகரத் தட்டுகள் உள்ளன. அத்தட்டுகளுக்கும் வண்டியின் உடலுக்கும் இடைப்பட்ட சந்தில் ரப்பர் அடைப்பு ஓடுகிறது. இதற்கு மேலே உள்ளது குளிர்ந்த பகுதி. கீழே உள்ளது சூடான பகுதி. புகைபோக்கிக் குழாய்களும் வெப்பக் காற்றும் கீழ்ப்பகுதிக்கு உரியவை. அடைப்பு கிழிந்தாலோ, ஒரு தட்டு காணாமற் போனாலோ, மேலே உறிஞ்சும் விசிறி கீழே உள்ள சூட்டையே மீண்டும் இழுத்துக்கொள்ளும்.

ஒரு கணக்கு

இதன் விளைவை எளிய கணக்கால் அறியலாம். 1600 கன செ.மீ. பொறியின் விசிறி, நிமிடத்திற்கு 4000 சுற்றுகளில் வினாடிக்கு ஏறத்தாழ 550 லிட்டர் காற்றைத் தள்ளுவதாகக் கொள்வோம். 20 °C வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.20 கிலோகிராம், 40 °C-இல் 1.13 கிலோகிராம் மட்டுமே. ஆகவே கோடையில் அதே விசிறி ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவான காற்றையே தருகிறது. துடுப்புகள் வழியே 30 கிலோவாட் வெப்பம் வெளியேற வேண்டும் எனில், 40 °C காற்று ஏறத்தாழ 48 °C கூடி, 88 °C-இல் வெளியேறும்.

இவ்வாறு வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே வருவதாக எண்ணுவோம். விசிறி உறிஞ்சுவதில் பத்தில் ஒரு பங்கு திரும்பி வந்த காற்று எனில், உள்நுழையும் வெப்பநிலை 40-இல் இருந்து 45 °C ஆகிறது. கால் பங்கு எனில் 56 °C. அதாவது கிழிந்த ஒரு ரப்பர்ப் பட்டை, காரைக்குடியில் ஓடும் வண்டியை உலகில் எங்கும் நிலவாத ஒரு கோடைக்குள் தள்ளிவிடுகிறது. திறப்புகளைப் பெரிதாக்கி இதைச் சரிசெய்ய இயலாது.

மூன்றாம் உருளை

பழைய பொறிகளில் எண்ணெய்க் குளிர்விப்பான் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, மூன்றாம் உருளைக்கு மேலாக நிறுத்தப்பட்டிருந்தது. எனவே அவ்வுருளைக்குக் கிடைத்த காற்று குறைவு. கிடைத்ததும் எண்ணெயின் சூட்டை ஏற்றுக்கொண்டு வந்தது. அதன் வெளியேற்று வால்வு தலை முறிந்து பிஸ்டனைத் துளைப்பது இப்பொறிகளின் பெயர்பெற்ற கேடாகும். மூன்றாம் உருளைக்கு மட்டும் தீப்பொறி சற்றுத் தாமதமாக விழும்படி டிஸ்ட்ரிபியூட்டரை வடிவமைத்தும் பார்த்தனர். 1971 மாதிரியில் குளிர்விப்பானைக் கூட்டுக்கு வெளியே நகர்த்தி, அதற்குத் தனிக் காற்றுவழி அமைத்த பின்னரே குறை பெருமளவு தணிந்தது. நாய்க்கூடு எனப் பொருள்படும் பெயரால் அவ்வமைப்பு ஆர்வலர்களிடையே அறியப்படுகிறது. பழைய வேன் வைத்திருப்போர் செய்யத்தக்க மாற்றங்களில் இதைவிடப் பயனுள்ளது இல்லை எனலாம். ஆனால் குளிர்விப்பானோடு அதற்குரிய அகன்ற விசிறியையும் வெளியேற்று வழித் தகரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். குளிர்விப்பானை மட்டும் மாற்றி, அதன் சூடான காற்றைப் பொறியறைக்குள்ளேயே விட்டுவிட்டால் முன்னிருந்ததைவிட நிலைமை மோசமாகும்.

செட்டிநாட்டுக் கோடையில்

சிவகங்கை மாவட்டத்துச் செட்டிநாட்டுப் பகுதி பெரும்பாலும் சமவெளியாகும். ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பநிலை 38 முதல் 40 °C வரை இருப்பது இயல்பு. நெடிய மலையேற்றம் இங்கு இல்லை. வண்டிக்குச் சோதனை வேறு இரு வகைகளில் வருகிறது.

ஒன்று, மதுரையில் இருந்தோ திருச்சியில் இருந்தோ வரும் ஏறத்தாழ 90 கி.மீ. நேர்ச்சாலை. சமவெளி என்பதால் ஓட்டுநர் நான்காம் கியரிலேயே நீடிக்கிறார். எதிர்க்காற்று வீசும்போது முடுக்கியை அழுத்தியபடி குறைந்த சுற்றுகளில் ஓட்டினால், பொறியில் வெப்பம் மிகும். பொறியோடு இணைந்து சுழலும் விசிறியோ மெதுவாகச் சுழலும். மூன்றாம் கியருக்கு மாறினால் இரைச்சல் கூடும், ஆனால் உருளைத்தலை குளிரும். நீர்க்குளிர்வு வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றலாம்.

மற்றொன்று, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி எனச் சிறு தொலைவுகள் ஓடி நிறுத்தி, மீண்டும் சூட்டோடு கிளப்புவது. செட்டிநாட்டு வீட்டில் சூடான காற்று வளவின் திறந்த முற்றத்து வழியே இயல்பாக மேலெழுந்து போகிறது. டைப் 2 பொறியிலோ சூடான காற்றை விசிறி கீழ்நோக்கித் தள்ளுகிறது; அதாவது காற்றின் இயல்புக்கு எதிராகத் தள்ளுகிறது. பொறியை நிறுத்தியதும் விசிறி நிற்கிறது. துடுப்புகளில் தேங்கிய சூடு மேலெழுந்து பொறியறையை நிரப்புகிறது; கார்புரேட்டரிலும் எரிபொருள் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி, வண்டி மீண்டும் கிளம்ப மறுக்கிறது. நிறுத்தியபின் பின்மூடியைத் திறந்து வைப்பது இதற்கு நல்ல பயன் தரும். ஆனால் ஓடும்போது மூடியைக் கட்டை வைத்துத் திறந்து வைக்கும் வழக்கம் வேறு. ஓடும் வேனின் பின்னால் சுழலும் காற்றில் அடியில் இருந்து எழும் சூடும் புகையும் கலந்திருக்கும். திறந்த மூடி அதையே உள்ளே அழைக்கிறது.

இப்பகுதியின் செம்மண் புழுதியும் கருதத்தக்கது. புஷ்ராடு குழாய்களின் அடைப்புகளில் கசியும் எண்ணெயோடு அது சேர்ந்து துடுப்புகளுக்கு இடையே செங்கல் போல் இறுகிவிடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. தகரங்களைக் கழற்றித்தான் துப்புரவு செய்ய வேண்டும். நெடுநாள் நிறுத்தி வைத்த வண்டி எனில் விசிறிக் கூட்டுக்குள் எலியோ அணிலோ கூடு கட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.

மேம்படுத்தும் முறைகள்

முதலில் விடுபட்ட தகரத் தட்டுகளைத் தேடிப் பொருத்தி, ரப்பர் அடைப்பை முழுவதும் புதுப்பிக்க வேண்டும். உள்ளூரில் தகர வேலை செய்பவரிடம் மாதிரி கொடுத்து இத்தட்டுகளைச் செய்துகொள்ள இயலும். வேறு எந்த விலையுயர்ந்த மாற்றமும் இதற்குப் பின்னரே. உருளைத்தலை வெளியே வரும் வாய்ப்புக் கிடைத்தால், துடுப்புகளுக்கு இடையே வார்ப்பின்போது தங்கிய மெல்லிய உலோகப் படலத்தையும் அரத்தால் நீக்கலாம்.

பட்டையின் இறுக்கம், தீப்பொறி நேரம், எரிபொருள் கலவை ஆகியவை காற்றோட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆயினும் இவை பிழைத்தால் எந்தக் காற்றோட்டமும் உதவாது. மிகவும் மெலிந்த கலவை உருளைத்தலையின் சூட்டை ஏற்றும். ஆற்றலைக் கூட்டும் எனச் சொல்லி விற்கப்படும் சிறிய கிராங்க் கப்பி விசிறியின் வேகத்தைக் குறைப்பதால், வெப்பநாட்டில் அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா என்ற கேள்வியும் உண்டு. ஏறத்தாழ 65 முதல் 70 °C-இல் இது காற்றுவழிக் கதவுகளைத் திறக்கிறது. செட்டிநாட்டில் அது இல்லாமலும் ஓட்டலாம் என்பாரின் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் குளிர்ந்த பொறி மெதுவாகச் சூடேறுவதால் தேய்மானம் கூடுகிறது. கதவுகள் மூடிய நிலையில் சிக்கிக்கொள்ளாதபடி பார்த்துக்கொண்டு அதை வைத்திருப்பதே மேல்.

கூடுதல் எண்ணெய்க் குளிர்விப்பானை வண்டியின் அடியில், தனி மின்விசிறியோடு, காற்றுத் திறப்புகளுக்கு எட்டாத இடத்தில் அமைக்கலாம். பின்பக்கத் திறப்புகளின் மேல் காற்றேந்திகள் பொருத்துவோரும் உளர். வண்டியின் பக்கச் சுவரை ஒட்டியுள்ள காற்று மெதுவாக நகர்வதால், சுவரோடு ஒட்டிய சிறு காற்றேந்திகளால் பெரும்பயன் கிடைப்பதில்லை.

அளந்து பார்த்தல்

இவற்றில் எது பயன் தந்தது என்பதை அளவீடே காட்டும். விசிறியின் வாயருகே ஒரு வெப்பமானி முனையையும், வண்டிக்கு வெளியே நிழலில் மற்றொன்றையும் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். இரண்டும் ஓரிரு பாகைக்குள் நெருங்கி இருந்தால் அடைப்பு நன்று. மேற்கண்ட கணக்கின்படி, முழுச் சுமையில் 5 °C வேறுபாடு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக் காற்று திரும்புவதைக் காட்டும்.

காற்று வரத்துப் போதுமானதா என்பதை அறிய, நிறமூட்டிய நீர் நிரப்பி, வளைத்துப் பலகையில் கட்டிய ஒரு கண்ணாடிக் குழாய் போதும். ஒரு முனை பொறியறைக்குள்ளும் மறுமுனை ஓட்டுநர் அறைக்குள்ளும் இருக்கட்டும். ஒரு மி.மீ. நீர்மட்ட வேறுபாடு 9.8 பாஸ்கல் அழுத்தத்திற்குச் சமம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தமே ஏறத்தாழ 28 மி.மீ. நீர்மட்டம்தான் என்பதால், சில மி.மீ. மாற்றமும் பொருளுடையது. சுற்றுகள் கூடக் கூடப் பொறியறை அழுத்தம் மிகத் தாழ்ந்துகொண்டே போனால் மட்டுமே திறப்புகள் போதவில்லை என்று கொள்ளலாம். காற்றின் திசையால் வரும் பிழையை நீக்க, ஒரே சாலையில் இருபுறமும் ஓட்டி அளக்க வேண்டும். உருளைத்தலையில், தீப்பொறிச் செருகிக்கு அடியில் பொருத்தும் வெப்பமானி 200 °C-ஐ ஒட்டிக் காட்டுவது இயல்பு. 230 °C-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். எண்ணெய் 120 °C-க்குக் கீழ் இருப்பது நலம்.

நீரால் குளிரும் வேன்கள்

தமிழ்நாட்டில் 1970களிலும் 1980களிலும் மிகுதியாக ஓடிய பஜாஜ் டெம்போ மெட்டடார் வேன் நீரால் குளிரும் டீசல் பொறியைக் கொண்டது. விதி இங்கும் அதுவே. ரேடியேட்டரின் ஓரங்களில் சந்து இருந்தால், அதைக் கடந்து சூடான காற்று சந்து வழியே முன்னால் திரும்பி வந்து மீண்டும் அதனுள்ளேயே நுழையும். விசிறியைச் சுற்றிய உறையும் ஓர அடைப்புகளும் சரியாக இருந்தால் பெரிய ரேடியேட்டர் தேவைப்படாமற் போகலாம். நிலத்தடி நீரை ஊற்றினால் உப்புப் படியும். வாலைவடி நீரும் அரிப்புத் தடுப்பு சேர்ந்த குளிர்மமும் பயன்படுத்த வேண்டும்.

தீ ஆபத்து

டைப் 2 வேன்களின் பொறிகள் பலவற்றின் உடல் மக்னீசியக் கலப்புலோகத்தால் வார்க்கப்பட்டது. எடை குறைவு என்பது இதன் நன்மை. தீப்பற்றினால் அணைப்பது கடினம் என்பது தீமை. பொறியறை வெப்பத்தில் பழைய ரப்பர் எரிபொருள் குழாய்கள் வெடித்துப் பெட்ரோல் கசிவதே இவ்வேன்கள் எரிந்துபோவதற்கு முதன்மைக் காரணமாகும். குழாய்களையும் கவ்விகளையும் ஆண்டுதோறும் சோதித்து, நொய்ந்தவற்றை உடனே மாற்ற வேண்டும். பெட்ரோல் தீயை மக்னீசியத்தை எட்டுமுன் உலர்தூள் அணைப்பானால் அணைத்துவிட வேண்டும். மக்னீசியமே பற்றிக்கொண்டால் நீர் ஊற்றக் கூடாது; எரியும் மக்னீசியம் நீரோடு வினைபுரிந்து ஐதரசனை வெளியிட்டுத் தீயைப் பெருக்கும். அணைப்பானை ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் வைத்திருத்தல் வேண்டும். வேனின் உள்ளே உறங்குவோரின் படுக்கை பெரும்பாலும் பொறியறைக்கு நேர்மேலேயே அமைந்திருக்கிறது.