சட்டையில் தைத்த மனசு

ஒருவர் உடுத்தியிருக்கும் உடை அவருடைய ஊரைச் சொல்லும், வசதியைச் சொல்லும். மனதுக்குள் ஓடுவதைச் சொல்லுமா? ஐரோப்பிய உடை வரலாற்றிலிருந்து மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது ஒரு ஜாக்கெட். தைத்தவர் ஆக்னஸ் ரிக்டர் என்ற ஜெர்மானியத் தையல்காரப் பெண். 1890களில் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டவர், 1918-ல் இறந்துபோனார். 1895 வாக்கில், காப்பகத்துத் துணியிலேயே ஜாக்கெட் தைத்து, உள்ளும் புறமும் வண்ண நூலால் வரி வரியாக எழுத்துகளை எம்பிராய்டரி செய்தார். தன் வாழ்க்கையைப் பற்றிய அந்த வரிகளில் பெரும்பகுதியை இன்று படிக்கவே முடியவில்லை. 'நான்', 'என்' போன்ற சொற்கள் தெரிகின்றன. கூடவே 583 என்ற எண். அது காப்பகத்தில் அவருக்குக் கொடுத்த சலவை எண்ணாம்! இப்போது அந்த ஜாக்கெட் ஹைடல்பெர்க் நகரிலுள்ள பிரின்ஸ்ஹார்ன் சேகரிப்பில் இருக்கிறது.

அடுத்தது 1938. பாரிஸில் எல்சா ஸ்கியாபரெல்லி, ஓவியர் சால்வடார் டாலியுடன் சேர்ந்து ஒரு மாலைநேர கவுன் வடிவமைத்தார். சதை கிழிந்து தொங்குவதுபோல் துணி முழுக்க அச்சிட்டிருந்தார்கள். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. விருந்துக்குப் போடும் உடையிலேயே பயம் தெரிந்தது.

மூன்றாவது, லண்டனில் 2000 செப்டம்பரில் அலெக்சாண்டர் மெக்வீன் நடத்திய 'வாஸ்' காட்சி. நடுவில் பெரிய கண்ணாடிப் பெட்டி. காட்சி தொடங்கும்வரை பார்வையாளர்கள் அதில் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. உள்ளே விளக்கு எரிந்ததும் பார்த்தால், அது மனநலக் காப்பகத்து அறை. தலையில் கட்டுப்போட்ட மாடல்கள் நடமாடினார்கள்.

வணிகவியல் படிப்பவனுக்கு விலைதான் முதலில் கண்ணில் படும். ஸ்கியாபரெல்லிக்கும் மெக்வீனுக்கும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் பயத்தையும் வலியையும் அழகாக்கி மேடையேற்றினார்கள், அது பெரிய திறமைதான். ஆனால் காப்பகத்தை மேடையில் காட்டியவர் மாலையில் வீட்டுக்குப் போகலாம். ரிக்டரால் முடியாது. வாங்க ஆளில்லாத அந்த ஜாக்கெட்டில் அவர் செய்தது ஒன்றுதான்: எண்ணாக மாறிவிட்ட தன்னை மறுபடி 'நான்' என்று எழுதிக்கொண்டார்.

என்னைக் கேட்டால், இந்தக் கணக்கை ரிக்டர் பெயரில்தான் தொடங்க வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?