வெட்டிய இடம்

1906ஆம் வருஷம் யூஜீன் அபேர் என்ற பிரெஞ்சு வைத்தியர் ஒரு விசித்திரமான நோயை விவரித்து எழுதினார். பிறக்கும் குழந்தையின் கபால எலும்புகள் காலத்துக்கு முன்பே ஒட்டிக் கொண்டு தலை உயர்ந்து விடுகிறது. கை விரல்களும் கால் விரல்களும் பிரியாமல் ஒன்றாய் இருக்கின்றன. பெற்றவர்கள் கேட்கும் 'ஏன்?' என்ற கேள்விக்குச் சுமார் தொண்ணூறு வருஷம் விடை கிடைக்கவில்லை. அந்த விடைக்குப் பாதை ஜலதோஷத்தின் வழியாகப் போயிற்று என்பதுதான் வேடிக்கை.

ஒரு மரபணுவுக்கு ஒரு புரதம் என்று விஞ்ஞானிகள் வெகுகாலம் நம்பினார்கள். 1941இல் பீடில், டாட்டம் என்ற இரு அமெரிக்கர்கள் ரொட்டிப் பூஞ்சையில் செய்த சோதனைகளிலிருந்து பிறந்த சூத்திரம் அது. 1977இல் அது ஆட்டங் கண்டது. சளி பிடிக்கச் செய்யும் அடினோ வைரஸின் மரபணுவையும் அதன் நகலான ஆர்.என்.ஏ.யையும் இணைத்து எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். நகல் மூலத்தோடு நெடுகப் படிந்திருக்க வேண்டும். மூலமோ அங்கங்கே கண்ணி கண்ணியாகத் துருத்திக் கொண்டு நின்றது. அந்தப் பகுதிகள் நகலில் இல்லை! உயிரணு முழுவதையும் நகலெடுத்து, நடுத் துண்டுகளை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டிக் கொள்கிறது. இதைக் கண்டதற்காக ராபர்ட்ஸும் ஷார்ப்பும் 1993இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சினிமா எடிட்டர் செய்கிற வேலைதான். ஒரே சுருளை இரண்டு எடிட்டர்களிடம் கொடுத்தால் இரண்டு படம் வருமல்லவா? 1980இல் அதுவும் நிரூபணமாயிற்று. நோயை எதிர்க்கும் புரதம் ஒன்று, ஒரு விதமாய் வெட்டினால் வெள்ளணுவின் மேற்பரப்பில் பதிந்து நிற்கிறது. வேறு விதமாய் வெட்டினால் இரத்தத்தில் கலந்து செல்கிறது. மரபணு ஒன்றேதான்.

அபேர் நோயின் மரபணு 1995இல் அகப்பட்டது. எஃப்.ஜி.எஃப்.ஆர். 2 என்று பெயர். அதன் புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் நின்று வளர்ச்சிச் செய்திகளைக் கேட்கும் காது. கருவில் தோலாகப் போகும் மேல்திசுவும், எலும்பாகப் போகும் உள்திசுவும் இந்த ஒரே மரபணுவை வெவ்வேறு விதமாய் வெட்டுகின்றன. உள்திசு அனுப்பும் செய்தி மேல்திசுவுக்குக் கேட்கிறது. மேல்திசுவின் பதில் உள்திசுவுக்குக் கேட்கிறது. தன் குரல் தன் காதில் விழுவதில்லை. அவயவம் அளவோடு வளர இந்த ஏற்பாடு வேண்டியிருக்கிறது.

நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் காது கேட்கக் கூடாததையும் கேட்டது. இருவருக்கு மட்டும் அப்படி இல்லை. 1999இல் அந்த மர்மமும் துலங்கிற்று. உபரியான ஒரு துண்டு மரபணுவில் வந்து விழுந்து, வெட்டும் இடத்தைக் குழப்பியிருந்தது. உள்திசுவில் மேல்திசுவின் காது முளைத்து விட்டது. காதில் பிழையில்லை, முளைத்த இடந்தான் பிழை.

அந்தத் துண்டு பெற்றோரிடமிருந்து வந்த சொத்தல்ல, புதிதாய் நேர்ந்த விபத்து. தாய் தகப்பன் மேல் பழி போட இதில் எதுவுமே இல்லை.