செவ்வாயின் ஈரத்தை அளந்த கதை

2015 ஏப்ரலில் ஓர் இரவு. சர்வதேசச் செய்திப் பக்கத்தை நிரப்பும் பொறுப்பு என்னிடம் இருந்தது. செவ்வாய்க் கிரகத்தில் திரவ நீர் உருவாகக்கூடிய நிலைமைகள் உள்ளன என்று ஒரு செய்தி வந்தது. 'உருவாகக்கூடிய' என்ற சொல் பத்திக்குள் அடங்கவில்லை. 'செவ்வாயில் நீர்' என்று தலைப்பிட்டுவிட்டேன். மறுநாள் காலை, பௌதிகவியல் ஆசிரியரான நண்பர் தொலைபேசியில் கேட்டார்: "தண்ணியை ஆர் ஐசே கண்டது?"

எவரும் காணவில்லை. கியூரியோசிற்றி ஊர்தி அளந்த ஈரப்பதனையும் வெப்பநிலையையும் வைத்து, மண்ணிலுள்ள பேர்குளோரேற் உப்பு இரவில் நீராவியை உறிஞ்சி உப்புநீராகலாம் என ஆய்வாளர் கணித்திருந்தனர். அவ்வளவுதான். அந்த வெட்கத்தில்தான் இந்த அளவீட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

செவ்வாயிலிருந்து வரும் ஒளி எமது வளிமண்டலத்தைக் கடந்தே தொலைநோக்கியை அடைகிறது. நிறமாலையில் தெரியும் நீராவிக் கோடுகள் அங்குள்ள நீராவியினுடையவையா, எங்கள் தலைக்கு மேலுள்ளதினுடையவையா? 1860களில் இங்கிலாந்தின் ஹகின்ஸும் பிரான்சின் ஜான்சனும் செவ்வாயில் நீராவியைக் கண்டதாக அறிவித்தார்கள். 1894 இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் வில்லியம் கேம்பல் செய்தது எளிமையான காரியம். காற்றேயில்லாத சந்திரனின் நிறமாலையைச் செவ்வாயினதுடன் ஒப்பிட்டார். இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. செவ்வாயில் கால்வாய்கள் உண்டென்று பேர்சிவல் லோவெல் நம்பவைத்துக்கொண்டிருந்த காலம் அது. கேம்பலின் முடிவு பலருக்கு உவப்பாக இருந்திராது. 1909 இல் அவர் கருவிகளோடு 4,400 மீற்றருக்கு மேல் உயரமான விற்னி மலையுச்சிக்கே ஏறிச் சென்று, பூமியின் ஈரத்தில் பெரும்பகுதியைக் கீழே விட்டு, மீண்டும் பார்த்தார். விடை மாறவில்லை. ஆனாலும் நீராவி அறவே இல்லையென்று அவர் சொல்லவில்லை. தம் கருவிக்குத் தென்படும் அளவில் இல்லை என்றே சொன்னார். என் தொழிலில் அரிதான நிதானம் இது.

விடை 1963 இல் கிடைத்தது. செவ்வாயும் பூமியும் ஒன்றைவிட்டொன்று விலகும்போது, டொப்ளர் விளைவினால் செவ்வாயின் கோடுகள் சற்றே இடம்பெயரும். ஸ்பின்ராட், மூன்ச், கப்ளான் ஆகிய மூவரும் வில்சன் மலைத் தொலைநோக்கியில் அந்தப் பெயர்வைப் பிரித்துக் கண்டனர். அங்குள்ள நீராவி முழுவதையும் நீராக்கினால் ஏறத்தாழ 14 மைக்கிரோமீற்றர் தடிப்புள்ள படலம் வரும். வழு 7 மைக்கிரோமீற்றர். கொழும்பின் மேலுள்ள நீராவியை அவ்வாறு நீராக்கினால் சில சென்ரிமீற்றர் நிற்கும். செவ்வாயினதோ தலைமயிரின் தடிப்பும் தேறாது. (1783 இல் சோசூர் விவரித்த ஈரமானி, ஈரத்தில் நீளும் தலைமயிரைக் கொண்டே இயங்கியது.)

1976 இல் சென்ற வைகிங் கலங்களுள் சுற்றிவந்தவை நீராவியை மேலிருந்து அளந்தன. தரையிறங்கியவற்றில் ஈரமானி இல்லை.

தரையில் முதலில் அளந்தது 2008 மே 25 இல் வடதுருவச் சமவெளியில் இறங்கிய பீனிக்ஸ். அதன் இயந்திரக் கையில், மண்ணில் குத்தும் ஊசிகளோடு ஈரப்பதன் உணரியும் இருந்தது. தொல்லை பிறகு தெரிந்தது: புறப்படுமுன் பூமியில் செய்த அளவுதிருத்தம் செவ்வாயின் நிலைமைகள் அனைத்தையும் உள்ளடக்கவில்லை. நவம்பரிலேயே பீனிக்ஸ் மௌனமாகிவிட்டது. ஆயினும் அதன் பழைய பெறுமானங்கள் 2016 இல் திருத்தப்பட்டன. பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், அதையொத்த உணரியைச் செவ்வாய்ச் சூழலைப் போலியாக அமைத்த அறையில் வைத்துச் சோதித்து, 2019 இல் மீண்டும் திருத்தினார்கள். கருவி அங்கே உறைந்து கிடக்க, அதன் வாசிப்பு இங்கே பத்தாண்டுக்குப் பின்னும் மாறிக்கொண்டிருந்தது!

2012 இல் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியோசிற்றியின் உணரியைப் பின்லாந்து வானிலை நிறுவனம் அமைத்தது. மெல்லிய பல்பகுதியப் படலம் நீராவியை உறிஞ்சும், அதனால் கொள்ளளவம் மாறும், அம்மாற்றமே அளவு. ஆனால் சாரீரப்பதன் வெப்பநிலையோடு பிணைந்தது. மின்னோட்டத்தால் உணரி சற்றே சூடேறினாலும் வாசிப்புக் குறைந்துவிடும். எனவே நெடுநேரம் அணைத்து வைத்து, இயக்கிய முதற் சில விநாடிகளின் வாசிப்பையே நம்புகிறார்கள். பகலில் ஈரப்பதன் பூச்சியத்தை அண்டுவதால் வழுவே பெறுமானத்தை விழுங்கிவிடும். விடியலுக்கு முன் அது 70 சதவீதம் வரை ஏறும். அந்த எண்ணைப் பார்த்து மழைக்காடென்று எண்ணவேண்டாம். பூச்சியத்துக்குக் கீழ் 70, 80 பாகை செல்சியஸ் குளிரில் வளி தாங்கக்கூடிய நீராவி மிகச் சொற்பம்; அதில் 70 சதவீதம், வளியின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குகள் மட்டுமே. நான் தலைப்பிட்ட செய்தி இந்த இரவு வாசிப்புகளிலிருந்து பிறந்தது.

2021 பெப்ரவரி 18 இல் பேர்சிவியரன்ஸ் ஜெசெரோ பள்ளத்தில் இறங்கியது. அதன் கம்பத்திலும் பின்லாந்தின் ஈரமானியே இருந்தது. அச்செய்தியை எழுதியபோது 'ஈரப்பதன் அளக்கும் கருவி' என்று மட்டும் குறிப்பிட்டேன். நண்பர் இம்முறை தொலைபேசி எடுக்கவில்லை.