அப்பத்தாவைக் கூப்பிட ஒரு பொத்தான்

விலை பேச வாய் வேண்டியதில்லை என்பது மாட்டுத் தரகர்களுக்கு நன்றாகத் தெரியும். தென் மாவட்டத்துச் சந்தைகளில் இரண்டு பேர் கை கோத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போர்த்துவார்கள். உள்ளே விரல்கள் ஆயிரத்தையும் ஐந்நூறையும் சொல்லும். பக்கத்தில் நிற்பவன் காதில் ஒன்றும் விழாது. பேரம் படிந்தால் துண்டு விலகும். வாய் உள்ளவர்கள் தங்கள் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. அதே ஊரில் பேச்சு வராமல் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஓர் ஏற்பாட்டை யாரும் செய்து வைக்கவில்லை. அதன் முனகலும் கண் ஜாடையும் அம்மாவுக்கு மட்டும் புரியும். அம்மா நூல் மில்லுக்கு ஷிப்ட் போய்விட்டால் பிள்ளையின் மொழியும் கூடவே கிளம்பிப் போய்விடும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 14 ஒன்றியங்கள். கொடைக்கானலை விட்டுவிட்டால் பெரும்பாலும் சமவெளியும் மலையடிவாரமும்தான்: வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறை, சாணார்பட்டி, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று நீளும் வறண்ட மண். வட்டார வள மையத்திலிருந்து கிளம்பும் சிறப்பாசிரியர்கள், பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளை வீட்டிலேயே போய்ப் பார்க்கிறார்கள். லேமினேட் செய்த படங்களைக் காட்டிப் பேச வைக்க முயல்வது இந்தத் தொழிலில் பழைய முறை. தண்ணீர்க் குவளை, சாப்பாட்டுத் தட்டு, கழிப்பறை, சிரிக்கும் முகம், அழும் முகம். இப்போது அந்தப் படங்கள் கைபேசித் திரைக்கு ஏறிவிட்டன, தொட்டால் பேசுகின்றன. அவை திண்டுக்கல் வந்து சேர்ந்த வழி வளைந்து வளைந்து போகும் ஒன்று. டொரண்டோவில் ஒரு குழந்தைகள் மையமும், சென்னைக் கோட்டூர்புரத்தில் ஒரு பள்ளியும் அந்த வழியில் இருக்கின்றன.

இப்படிப் பேச்சு வராதவர்கள் எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழகத்தில் 11,79,963 மாற்றுத்திறனாளிகளைப் பதிவு செய்தது. பேச்சுக் குறைபாடு என்ற கட்டத்தில் 80,077 பேர். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மூளை முடக்குவாதத்தால் நாக்கும் தாடையும் சொன்னபடி கேட்காத குழந்தை வேறு கட்டத்தில் விழுந்திருக்கும்; ஆட்டிசத்தால் பேச்சு வராத குழந்தை இன்னொன்றில். பக்கவாதம் வந்து சொல் தொலைந்த பெரியவர்கள் பலர் எந்தக் கட்டத்திலும் இருக்க மாட்டார்கள். 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் எண்ணியது. 2016 சட்டம் அதை 21 ஆக்கியபோதுதான் பேச்சும் மொழியும் சார்ந்த குறைபாடு தனி வகையாக உள்ளே வந்தது.

படம் காட்டிப் பேசும் முறைக்கு ஒரு விசித்திரமான தொடக்கம் உண்டு. 1897-இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் செர்னோவிட்ஸ் நகரில் பிறந்த வேதியியல் பொறியாளர் சார்லஸ் பிளிஸ், நாஜிகளின் டாக்காவ், புக்கன்வால்ட் முகாம்களிலிருந்து விடுதலையாகி, பிறகு ஷாங்காய் போய்ச் சேர்ந்தார். பல வட்டாரப் பேச்சுகளைப் பேசும் சீனர்கள் ஒரே எழுத்தைப் பார்த்துப் பொருள் புரிந்துகொள்வது அவரைப் பிடித்துக்கொண்டது. உலகம் முழுக்க ஒரே சித்திர எழுத்து இருந்தால் அரசியல்வாதிகள் சொற்களால் மக்களை ஏமாற்ற முடியாது என்று நம்பினார். ஆஸ்திரேலியாவில் குடியேறி 1949-இல் அந்தக் குறியீட்டு முறையைப் புத்தகமாகப் போட்டார். உலகம் கண்டுகொள்ளவில்லை.

1971-இல் டொரண்டோவில் உடல் ஊனமுற்ற குழந்தைகளின் மையம் ஒன்றில் ஷெர்லி மெக்நாட்டன் என்ற ஆசிரியை இந்தக் குறியீடுகளைக் கண்டெடுத்தார். அவரிடம் இருந்த குழந்தைகளுக்கு மூளை முடக்குவாதம். வாயால் பேச முடியாது, பேனா பிடிக்க முடியாது. ஆனால் கண்ணாலோ முஷ்டியாலோ ஒரு பலகையைச் சுட்ட முடியும். சில மாதங்களில் அவர்கள் வாக்கியம் அமைத்தார்கள், கேலி செய்தார்கள். செய்தி கேள்விப்பட்ட பிளிஸ் ஆனந்தத்தில் ஓடி வந்தார். கொஞ்ச நாளில் சண்டை தொடங்கியது. குழந்தைகளுக்கு ஏற்றபடி ஆசிரியர்கள் குறியீடுகளை மாற்றினார்கள், புதிதாகச் சேர்த்தார்கள். உலக சமாதானத்துக்காக நான் செய்ததைக் கெடுக்கிறீர்கள் என்று அவர் கத்தினார். விவகாரம் வக்கீல்கள் கைக்குப் போய் 1980-களில்தான் ஓய்ந்தது. கிழவரின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் பலகையில் என்ன சொல் இருக்க வேண்டும் என்பதைச் செய்தவர் முடிவு செய்வதா, பேசுகிறவர் முடிவு செய்வதா என்ற வழக்கு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. வேடசந்தூரில் ஒரு பிள்ளையின் கையில் இருக்கும் போனிலும் அது தீரவில்லை.

இயந்திரங்கள் இன்னொரு பக்கம் வளர்ந்தன. 1960 வாக்கில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ரெஜ் மாலிங், நோயாளி ஊதியும் உறிஞ்சியும் தட்டச்சை இயக்கும் கருவியைச் செய்தார். 1985-இல் மூச்சுக்குழாய் அறுவையால் குரல் இழந்த ஸ்டீபன் ஹாக்கிங், அடுத்த ஆண்டு கைப்பொத்தானை அழுத்திச் சொல் தேர்ந்தெடுக்கும் மென்பொருளுக்கு வந்தார். அவர் 2001-இல் மும்பைக்கு வந்தபோது இந்தியப் பத்திரிகைகள் அந்த உலோகக் குரலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. அந்தக் குரலுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும் என்பது அன்று யாருக்கும் உறுத்தவில்லை.

இந்தியாவில் இதெல்லாம் தாய்மார்கள் மூலம்தான் நுழைந்தது. மகள் மாலினி சிப்புக்காக மிது ஆலூர் 1972-இல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். ஒரே விரலால் தட்டிப் படித்துப் பட்டம் வாங்கிய மாலினி, பின்னாளில் தன் வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். 1974-இல் கல்கத்தாவில் சுதா கவுல். 1985-இல் சென்னையில் பூனம் நடராஜன். அவர் மகனுக்கும் மூளை முடக்குவாதம். சென்னை அமைப்பு பிறகு வித்யாசாகர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கோட்டூர்புரத்தில் இருக்கும் அந்தப் பள்ளியில் சக்கர நாற்காலியின் முன் பலகையில் ஒட்டிய படங்களும் எழுத்துகளும்தான் முதலில் குழந்தைகளின் வாய்.

எழுத்து என்ற இடத்தில் தமிழ் ஒரு முட்டுக்கட்டை போட்டது. ஆங்கிலப் பலகையில் 26 கட்டங்கள் போதும். ஒரே ஒரு பொத்தானை அழுத்தத் தெரிந்த பிள்ளைக்கு, கட்டங்கள் வரிசை வரிசையாக ஒளிர்ந்து நகரும். தனக்கு வேண்டிய வரிசை வரும்போது ஒரு அழுத்து, வேண்டிய கட்டம் வரும்போது இன்னொரு அழுத்து. 247 எழுத்துகளையும் இப்படி விரித்தால் ‘அம்மா’ என்று கூப்பிடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இதற்கு விடை தட்டச்சு உலகத்திலிருந்து வந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று பிரித்துக்கொண்டது. ககரத்தையும் உகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் ‘கு’. கட்டங்கள் சட்டென்று குறைந்துவிட்டன. ஊனமுற்றோரை மனத்தில் வைத்துச் செய்ததல்ல அது. ஆனாலும் ஒரு விரல் மட்டுமே அசையும் தமிழ்ப் பிள்ளைக்கு உதவுவது இந்தக் கணக்குதான்.

அடுத்த கட்டம் ஒரு பொறியாளருடையது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய அஜித் நாராயணன், 2007-இல் சென்னையில் இன்வென்ஷன் லேப்ஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். வித்யாசாகர் குழந்தைகளுடன் உட்கார்ந்து அவர் உருவாக்கியது ‘ஆவாஸ்’. முதல் ஆவாஸ் தனிக் கருவி. தலையையோ கையையோ கொஞ்சம் அசைத்தால் போதும். ஒளிரும் படம் தேர்வாகும், சொற்கள் வாக்கியமாகும், கருவி உரக்கப் பேசும். அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பேசும் கருவிகள் பல லட்ச ரூபாய். இது அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைத்தது. 2010-இல் தேசிய விருது, 2011-இல் எம்.ஐ.டி.யின் ‘டெக்னாலஜி ரிவ்யூ’ இதழ் 35 வயதுக்கு உட்பட்ட உலகக் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அஜித்தின் பெயரைச் சேர்த்தது.

அதற்குள் தரை நகர்ந்துவிட்டது. 2009-இல் ஐபோனுக்கு வந்த புரோலோக்கோ2கோ என்ற செயலி, ஆயிரக்கணக்கான டாலர் கருவி செய்த வேலையை இருநூறு டாலருக்குள் செய்து காட்டியது. 2010-இல் ஐபேட் வந்தது. ஆவாஸும் பெட்டியை விட்டு ஐபேடுக்குள் புகுந்தது; மூளை முடக்குவாதத்தோடு நிற்காமல் ஆட்டிசக் குழந்தைகளிடமும் போனது. மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையத்தில் ரவி பூவையா குழுவினர் ‘ஜெல்லோ’ என்ற செயலியைச் செய்து இலவசமாகவே விட்டார்கள். அதில் படங்களுக்கு இருபுறமும் நிற்கும் பொத்தான்கள் கெட்டிக்காரத்தனமானவை: பிடிக்கும், ஆமாம், இன்னும் என்று ஒரு பக்கம்; பிடிக்காது, இல்லை, குறைவாக என்று எதிர்ப்பக்கம். சாப்பாட்டுப் படத்தோடு ‘பிடிக்காது’ சேர்ந்தால் தட்டைத் தள்ளிவிட வேண்டிய அவசியமே இல்லை.

கருவிக்கு வழி பிறந்தது. தமிழ் பேசுவது வேறு கதை. ‘நான்’ என்ற படத்தையும் ‘தண்ணீர்’ படத்தையும் ‘வேண்டும்’ படத்தையும் தொட்டால் வருவது ‘நான் தண்ணீர் வேண்டும்’. இரண்டு வயதுப் பிள்ளைகூட அப்படிச் சொல்லாது. ‘எனக்கு’ என்றுதான் சொல்லும். ஆங்கிலத்தில் சொற்களை அடுக்கி வைத்தாலே பாதி வாக்கியம் தேறிவிடும். தமிழில் உருபு ஒட்ட வேண்டும், வினைக்கு வால் முளைக்க வேண்டும். 2013-இல் டெட் மேடையில் அஜித் காட்டிய ‘ஃப்ரீஸ்பீச்’ இந்தச் சிக்கலின் மேல்தான் கை வைத்தது: படங்களை யார், எதை, எப்போது என்ற கேள்விகளால் இணைத்துவிட்டால் இலக்கணத்தை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். வேற்றுமை படித்த தமிழாசிரியர் யாராக இருந்தாலும் கேட்ட உடனே தலையாட்டியிருப்பார்.

உறவுமுறை இன்னும் கொடுமை. ஆங்கிலத்தை வைத்து வரைந்த பலகையில் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் ஒரே படம். அத்தை, சித்தி, பெரியம்மாவுக்கும் ஒன்று. திண்டுக்கல் பக்கம் அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவள் அம்மாச்சி. ஒரே வெள்ளை முடிப் பாட்டி படத்தைத் தொட்டால் எந்தக் கிழவி திரும்பிப் பார்ப்பாள்? மரியாதையும் அப்படித்தான். ‘வா’ என்ற பொத்தான் இருக்கும், ‘வாங்க’ இருக்காது. வீட்டுக்கு வந்த டீச்சரைப் பார்த்து வயது வந்த பையன் போன் வழியாக ‘வா’ என்றால், ஊர் சிரிக்கும், பெற்றவள் கூனிக்குறுகுவாள். இது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல்தான், தொழில்நுட்பத்தின் எல்லை அல்ல.

குரல் விஷயத்தில் உழைப்பு நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் எழுத்தைப் பேச்சாக்கும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தி தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிக் குரல்களைச் செய்தன. எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள் எதிர்த் திசையில் போனார்கள்: தசைக் கட்டுப்பாடு இல்லாமல் குழறிப் பேசுபவர்களின் தமிழைப் பதிவு செய்து, அதைக் கணினி புரிந்துகொள்ள வைக்கும் வேலை. ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளில் தமிழ்க் குரலைச் சேர்க்க 2022 ஆனது. இந்தக் குரல்கள் தெளிவானவை. ஆனால் பெரும்பாலும் செய்தி வாசிப்பவை. பிள்ளை ‘தண்ணி வேணும்’ என்று நினைக்க, போன் ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று அறிக்கை விடும்.

அதனால் பல குடும்பங்களுக்கு ஏற்ற குரல் இயந்திரத்தினுடையது அல்ல. படத்தோடு சொந்தக் குரலைப் பதிவு செய்ய விடும் செயலிகள் இருக்கின்றன. அக்காவை விட்டு ‘அப்பத்தா, இங்க வா’ என்று பேசச் சொல்லி, அப்பத்தாவின் படத்தையே எடுத்து ஒட்டிவிட்டால் எல்லாத் தகராறும் ஒரு பொத்தானில் தீர்ந்தது. கூடவே வீட்டுச் சில்வர் டம்ளர், வாசல் திண்ணை, மினி பஸ், கோயில் திருவிழா. வெளிநாட்டு ஓவியர் வரைந்த சாண்ட்விச் படத்தை இட்லி என்று காட்டிப் பிள்ளையைக் குழப்ப வேண்டாம்.

பெற்றோரின் தயக்கம் வேறு மாதிரி. போனைக் கொடுத்தால் வருகிற பேச்சும் நின்றுவிடும் என்ற பயம் சின்னாளபட்டியிலும் உண்டு, சிகாகோவிலும் உண்டு. 2006-இல் மில்லர், லைட், ஷ்லாசர் ஆகியோர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நல்ல ஆதாரமுள்ள ஆய்வுகளில் யாருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலானோருக்குக் கொஞ்சம் கூடவே செய்தது. நிஜமான இடைஞ்சல் வீட்டில் ஒரே போன் இருப்பதுதான். அது பகலில் அப்பாவோடு வேலைக்குப் போகிறது, இரவில் தம்பியின் கார்ட்டூனுக்கு. காது கேளாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் தக்க செயலியுடன் கூடிய ஸ்மார்ட்போன் தரும் திட்டம் தமிழக அரசிடம் இருக்கிறது. கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் வருகிறது. அந்த 2,000 ரூபாயில் மருந்து, ஆட்டோ, டயப்பர் போக போனுக்கு மிஞ்சுவது அரிது.

செயலிகளைத் திறந்து பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும். பெரும்பாலானவை ரொம்ப நல்ல பிள்ளைகளுக்காகச் செய்தவை. தயவுசெய்து, நன்றி, பசிக்கிறது, கழிப்பறை. டொரண்டோ குழந்தைகள் முதல் சில மாதங்களிலேயே கேலி செய்யத் தொடங்கியதை வடிவமைப்பாளர்கள் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. தெருவில் கோலி விளையாடும்போது ஏமாற்றுகிறவனைப் பார்த்து ‘போடா, அழுகுணி’ என்று சொல்ல எந்தப் பக்கத்திலும் படம் கிடையாது. அதைப் பதிவு செய்து தர அண்ணன்மார்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. போனைக் கையில் கொடுத்தால் போதும்.